ஒரு வாரம், ஒரு சீன எழுத்து: 'ஷங்' கற்கும் வழி

சீன மொழி படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக ஒரு பட்டியல் போடுகிறார்கள். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் பொருள், நாளுக்குப் பத்து என்று கணக்கு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் வாரம் பட்டியலில் இருநூறு எழுத்து இருந்தது, நினைவில் முப்பதுகூடத் தங்கவில்லை. அதன்பிறகு பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முழுவதும் அதோடு இருந்தேன். எழுதினேன், கடைப் பலகைகளில் தேடினேன், வாக்கியத்தில் வைத்துப் பேசினேன். சீன எழுத்து எப்படி வேலை செய்கிறது என்பது அந்த வாரத்தில்தான் எனக்குப் பிடிபட்டது.

அந்த எழுத்து 'ஷங்'. புதியவர்களுக்கு இதையே சொல்கிறேன், காரணம் இருக்கிறது. இதில் ஐந்தே கோடுகள். சீனத்தில் பல எழுத்துகளுக்கு இரண்டு மூன்று உச்சரிப்பு உண்டு, இதற்கு ஒன்றுதான். 1956இல் சீன அரசு எழுத்துகளை எளிமைப்படுத்தியபோது இதைத் தொடவில்லை. ஆகவே பெய்ஜிங்கிலும் தைப்பேயிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் ஒரே வடிவம்தான். இன்னொரு காரணம் தமிழர்களுக்கே உரியது; அதற்கு இரண்டாம் படியில் வருகிறேன்.

அந்த எழுத்தை இங்கே நான் அச்சிடவில்லை. நான் சொல்லச் சொல்ல நீங்கள் வரையவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறேன். சீனச் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தில் ஏறக்குறையத்தான் காட்ட முடியும். அகராதிச் செயலியில் ஒருமுறை ஒலியைக் கேட்டுவிடுங்கள்.

முதல் படி: வரையுங்கள்

ஒரு தாளில் சதுரம் போட்டு, உள்ளே நடுவில் நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றும் புள்ளிக்கோடு இழுங்கள். சீனப் பள்ளிக் குழந்தைகளின் எழுத்துப் பயிற்சி நோட்டு இப்படித்தான் இருக்கும்.

முதல் கோடு: சதுரத்தின் மேல்பாதியில் இடப்பக்கமாக, மேலிருந்து இடக்கீழாகச் சாயும் ஒரு சிறிய கோடு. இரண்டாவது: அந்தச் சாய்கோட்டின் இடுப்பிலிருந்து வலப்பக்கம் செல்லும் கிடைக்கோடு. மூன்றாவது: அதற்குக் கீழே இன்னொரு கிடைக்கோடு, சற்றே குட்டையாக. நான்காவது: உச்சியிலிருந்து நடுப்புள்ளிக்கோட்டின் மேலேயே இறங்கும் நெடுக்கோடு; இது இரண்டு கிடைக்கோடுகளையும் வெட்டிக்கொண்டு வரும். ஐந்தாவது: நெடுக்கோட்டின் அடியில் ஒரு கிடைக்கோடு, மூன்றிலும் இதுதான் நீளம்.

நான்காவது கோடு போட்டதும் ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். அதுவே ஓர் எழுத்து: 'நியு', மாடு. (மாட்டில் இரண்டாவது கிடைக்கோடு நீண்டிருக்கும், நம் எழுத்தில் அதைக் குட்டையாக வைக்கவேண்டும்.) மாட்டுக்குக் கீழே ஒரு கோடு போட்டால் ஷங் கிடைத்துவிடுகிறது. சீனக் குழந்தைகளுக்கு இதை வைத்து ஒரு விடுகதை உண்டு: "ஒற்றை மரப்பாலத்தில் மாடு நடக்கிறது, என்ன எழுத்து?" இந்த விடுகதை தெரிந்தவருக்குக் கோடுகளின் வரிசை மறக்காது.

ஒரு எச்சரிக்கை. ஜப்பானியர்களும் இதே எழுத்தை எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் நெடுக்கோட்டை மூன்றாவதாகவே இழுத்துவிடுவார்கள். இணையத்தில் எழுதிக்காட்டும் படம் பார்க்கும்போது அது சீன முறையா ஜப்பானிய முறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் கைக்குப் பழக்கம் வராது.

நான் முதன்முதலாக ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு போனபோது, எல்லாக் கட்டத்திலும் நெடுக்கோடு அடிக்கோட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. ஆசிரியை எதையும் அடிக்கவில்லை. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தரையை வரைந்து, அதன்மேல் இரண்டு இலை விட்ட முளை ஒன்றை வரைந்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு அந்தக் கோடு அடிக்கோட்டைத் தாண்டியதே இல்லை.

இரண்டாம் படி: முளையைப் பாருங்கள், பிறகு தமிழில் யோசியுங்கள்

ஆசிரியை வரைந்ததுதான் எழுத்தின் பிறப்பு. ஹெனான் மாகாணத்தின் ஆன்யாங் பகுதியில் கிடைத்த ஆமை ஓடுகளிலும் மாட்டெலும்புகளிலும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சீன எழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன. அன்று அங்கே ஆண்ட ஷாங் வம்ச அரசர்கள் குறிகேட்கப் பயன்படுத்திய எலும்புகள் அவை. 1899இல் வாங் யிரோங் என்ற அறிஞர் அவற்றில் இருப்பவை எழுத்துகள் என்று கண்டுகொண்டார். அவற்றில் ஷங் எழுத்து, தரைக்கோட்டின் மேல் நிமிரும் ஒரு முளையாகவே இருக்கிறது. கி.பி. 100ஐ ஒட்டி அகராதி தொகுத்த ஷூ ஷன்னும் செடிகொடிகள் மண்ணுக்கு மேலே எழும் தோற்றம் என்றே இதை விளக்குகிறார்.

இப்போது அகராதியைத் திறந்தால் பொருள்கள் வரிசையாக நிற்கும்: பிறத்தல், பெறுதல், வளர்தல், உயிர், வேகாதது, பழுக்காதது, பழக்கமில்லாதது, மாணவர். ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இவை ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனிச் சொற்கள். உயிருக்கும் வேகாத அரிசிக்கும் என்ன உறவு என்று அவர் திகைக்க வேண்டியதுதான்.

தமிழர் திகைக்க வேண்டாம். நம்மிடம் 'பச்சை' இருக்கிறது. கொதிக்க வைக்காதது பச்சைத் தண்ணீர். வேகாதது பச்சைக் காய்கறி. உலராதது பச்சை விறகு. பிறந்து சில நாளே ஆன குழந்தை பச்சைக் குழந்தை. அதைப் பெற்றெடுத்தவளுக்குப் பச்சை உடம்பு. மண்ணைக் கிழித்து வெளிவரும் முளையின் நிறமும் அதுதான். பிறப்பும் வேகாமையும் நம் மொழியில் ஏற்கெனவே ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. சீனத்திலும் இந்த உறவு எழுத்திலேயே இருக்கிறது: பச்சை நிறத்தைக் குறிக்கும் 'ச்சிங்' எழுத்தின் பழைய வடிவத்தில் மேல்பாதி இந்த ஷங்தான். இன்றைய வடிவத்தில் இடப்பக்கச் சாய்கோடு மட்டும் உதிர்ந்துவிட்டது.

ஆகவே முதல் வாரத்தில் அகராதிப் பொருள்களை மனப்பாடம் செய்யாதீர்கள். தரை, முளை, பச்சை என்ற மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற பொருள்கள் இவற்றிலிருந்து கிளைத்து வரும்.

மூன்றாம் படி: காதும் நாக்கும்

சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை 1958இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்த எழுத்தைப் பார்ப்பவர்கள் 'ஷெங்' என்று படித்துவிடுகிறார்கள். அது சரியல்ல. நடுவில் வருவது வாயைப் பாதி திறந்து சொல்லும் ஒரு குறுகிய ஒலி. நம் 'அ'வுக்குத்தான் நெருக்கம். முதலில் வருவது நாவை மேலே மடித்துச் சொல்லும் ஷ. 'புஷ்பம்' என்று சொல்லும்போது வரும் ஷ் போதும். கடைசியில் ங். தமிழில் ங் வந்தால் பின்னாலேயே க வந்துவிடும், அதனால் நம் நாக்கு தானாக ஒரு 'கு'வைச் சேர்க்கப் பார்க்கும். 'சங்கு' என்று சொல்லத் தொடங்கி, 'கு' வருவதற்குள் நிறுத்துங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டிய முடிவு.

தொனி முதலாவது: உயர்ந்த, சமமான தொனி. பாட்டு வகுப்பில் மேல் ஸட்ஜத்தைப் பிடித்து ஏறாமல் இறங்காமல் நிறுத்துவது போல. தொனி மாறினால் சொல்லே மாறும். ஏறும் தொனியில் ஷங் என்றால் கயிறு. தாழ்ந்து வளையும் மூன்றாம் தொனியில் மாகாணம். சட்டென்று விழும் நான்காம் தொனியில் மிச்சமாவது, வெல்வது.

ஷ வராமல் ஸ வந்தாலும் பொருள் மாறிவிடும். 'ஸங்' என்றால் பௌத்தத் துறவி. அந்தச் சொல் 'சங்கம்' என்ற வடமொழிச் சொல்லின் சீன உருவம். பிக்குகளின் சங்கம் பட்டுப் பாதை வழியாகச் சீனம் போய், ஒற்றை அசையாகச் சுருங்கி ஒரு துறவிக்குப் பெயராக நிற்கிறது.

நான்காம் படி: சொற்களில் தேடுங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். சீனத்தில் ஓர் எழுத்து என்பது பெரும்பாலும் ஒரு முழுச்சொல் அல்ல, சொல்லின் ஒரு பாதி. இன்னொரு எழுத்தோடு சேரும்போதுதான் அதன் குணம் தெரியும்.

பிறப்பிலிருந்து தொடங்குங்கள். 'ஷங்-ழி' என்றால் பிறந்தநாள். இரண்டாவது அசையைப் பற்றி ஒரு சொல்: ரோமன் எழுத்தில் அது ரகரமாகத் தெரிந்தாலும் ஒலி நம் ழகரத்துக்கு மிகவும் நெருக்கமானது. மற்ற நாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் முயலும் ஒலி நமக்குத் தாய்ப்பாலோடு வந்திருக்கிறது, அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். 'சூ-ஷங்' பிறத்தல். 'ஷங்-ஹுவொ' வாழ்க்கை. 'ஷங்-பிங்' நோய்வாய்ப்படுதல்: உடம்பில் நோய் முளைக்கிறது.

அடுத்தது பச்சை. 'ஷங்-ஷுவெய்' அப்படியே நம் பச்சைத் தண்ணீர்தான். கொதிக்க வைத்த நீரைக் குடிப்பது சீனர்களின் உறுதியான பழக்கம்; ரயில் பெட்டிகளில்கூட வெந்நீர்க் குழாய் இருக்கும். கடையில் இஞ்சியின் பெயர் 'ஷங்-ஜியாங்', பச்சை இஞ்சி. அதுவே காய்ந்தால் 'கான்-ஜியாங்', நம் சுக்கு. லெட்யூஸ் கீரை 'ஷங்-த்ஸாய்', பச்சைக் கீரை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்கள் சீனப் புத்தாண்டில் 'யூஷெங்' தட்டைப் பார்த்திருப்பார்கள். எல்லாரும் கூடி நின்று கோலால் உயரத் தூக்கிக் கலக்கும் அந்தப் பச்சைமீன் கலவையின் இரண்டாவது அசை இதே எழுத்துதான். மலேசியாவில் 'யீ சாங்' என்பார்கள். கான்டனீஸ் பேச்சில் இந்த எழுத்தின் ஒலி 'சாங்'.

பச்சையானது பழகாதது, பழகாதது அந்நியம். 'ஷங்-ழன்' என்றால் முன்பின் தெரியாதவர். பாடநூலில் புதுச்சொல் பட்டியலுக்குத் தலைப்பு 'ஷங்-ட்ஸு': இன்னும் பச்சையாக இருக்கும் சொற்கள். கைக்குழந்தை தெரியாதவர் தூக்கினால் அழுகிறதே, அதை நாம் வேற்றுமுகம் என்கிறோம். சீனர்கள் 'ழன்-ஷங்' என்கிறார்கள், அந்நியத்தை அடையாளம் காணுதல். இந்தக் கிளைக்கு எதிர்ச்சொல் 'ஷூ'. வெந்தது, பழுத்தது, பழகியது என்ற மூன்றும் அதன் பொருள். பழகியவர் 'ஷூ-ழன்'. இரண்டையும் சேர்த்து ஒரு பழமொழி சொல்வார்கள்: பச்சரிசி வெந்து சோறாகிவிட்டது. நடந்தது நடந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்று பொருள். பெற்றோருக்குத் தெரியாமல் திருமணம் முடித்துவிட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இது அடிக்கடி வரும்.

பிறகு மனிதர்கள். 'ஷ்யுவெ-ஷங்' மாணவர், 'யீ-ஷங்' மருத்துவர், 'ந்யூ-ஷங்' பெண்பிள்ளை. 'ஷ்யென்-ஷங்' என்றால் முன்னே பிறந்தவர். பழங்காலத்தில் ஆசான், இன்று 'திரு' என்ற மரியாதைச் சொல், சில வேளைகளில் கணவர். நம் ஊர்க் கராத்தே வகுப்பில் ஆசிரியரை 'சென்செய்' என்று அழைக்கிறார்களே, அது இதே இரண்டு எழுத்துகளின் ஜப்பானிய ஒலி. கொரியத் தொடர்களில் ஆசிரியரையும் மருத்துவரையும் 'சொன்செங்னிம்' என்று கூப்பிடுவதும் இவற்றையேதான்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது வேர்க்கடலை. அதன் பெயர் 'ஹ்வா-ஷங்': பூ, பிறப்பு. முழுப்பெயரில் முன்னால் 'விழுதல்' என்ற எழுத்தும் உண்டு. பூ விழுந்த பிறகு பிறப்பது. செடியைக் கவனித்தவர்களுக்கு இது எவ்வளவு துல்லியமான பெயர் என்று தெரியும். பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு வளைந்து மண்ணுக்குள் இறங்கும். கடலை அங்கேதான் விளையும். சீனத் திருமணங்களில் மணமக்கள் கட்டிலில் சீன இலந்தை, வேர்க்கடலை, லோங்கன் பழம், தாமரை விதை நான்கையும் தூவுவார்கள். நான்கின் பெயர்களிலிருந்தும் ஓர் அசை எடுத்துக் கோத்தால் 'ட்ஸாவ் ஷங் குவெய் ட்ஸு': சீக்கிரம் நல்ல பிள்ளை பிறக்கட்டும் என்ற வாழ்த்து. அதில் 'பிறக்கட்டும்' என்ற இடத்தில் இருப்பது கடலை.

பயணம் போகிறவர்களுக்கு இரண்டு சொற்கள் உடனடியாக உதவும். 'வெய்-ஷங்-ஜியென்' கழிப்பறை, உயிரைக் காத்தல், அதாவது சுகாதாரம், அதற்கான அறை. விடுதிகளிலும் உணவகங்களிலும் மூன்று எழுத்துப் பலகையில் நடுவில் நம் முளையைத் தேடுங்கள். இன்னொன்று 'ஷங்-யி', வியாபாரம். இரண்டாம் அசையைத் தொனி இல்லாமல் லேசாக விட்டுவிட வேண்டும். தொனி கொடுத்துச் சொன்னால் 'உயிர்த்துடிப்பு' என்று வேறு சொல்லாகிவிடும்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் எங்கே தவறும்

தனியாக வினையாக நிற்கும்போது இந்த எழுத்து 'பெற்றெடுத்தல்'. 'அவள் ஒரு பெண்ணைப் பெற்றாள்' என்பதற்கு 'தா ஷங் ல யீ க ந்யூஅர்'. ஆகவே 'நான் வாழ்கிறேன்' என்று சொல்ல நினைத்து 'வோ ஷங்' என்று தொடங்காதீர்கள். 'வோ ஷங் ல' என்றால் 'எனக்குப் பிரசவம் ஆகிவிட்டது' என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். ஓர் ஊரில் வசிப்பதற்கு 'ஜூ' என்ற வேறு வினை இருக்கிறது.

அடுத்த இடறல் கோபம். 'ஷங்-ச்சி' என்றால் கோபப்படுதல். 'ச்சி' காற்று, மூச்சு. உள்ளே காற்று எழும்புகிறது. 'கோபப்படாதே' என்பது 'பியெ ஷங்-ச்சி', முதல் வாரத்திலேயே காதில் விழும். உங்கள்மேல் கோபம் என்று சொல்லத்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 'வோ ஷங்-ச்சி நீ' என்பது பிழை. சொல்லை நடுவில் பிளந்து ஆளை உள்ளே வைக்கவேண்டும்: 'வோ ஷங் நீ த ச்சி'. நான் உன் கோபத்தை முளைக்க விடுகிறேன் என்பது போன்ற அமைப்பு. நோய்க்கும் இதே பிளவு: 'ஷங் ல யீ சாங் பிங்', ஒருமுறை நோய்வாய்ப்பட்டார். இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டு இருபது முறை சொல்லுங்கள். பிளவுபடும் வினைகள் சீனத்தில் நிறைய, இந்த இரண்டும் பழகினால் மற்றவை எளிதாகும்.

ஆறாம் படி: மற்ற எழுத்துகளுக்குள் கண்டுபிடியுங்கள்

ஷங் வேறு எழுத்துகளில் ஓர் உறுப்பாகவும் உட்காரும், பெரும்பாலும் ஒலியைக் காட்டுவதற்காக. இடப்பக்கம் மாடு, வலப்பக்கம் ஷங்: கால்நடை, ஒலியும் ஷங். மேலே மூங்கில், கீழே ஷங்: மூங்கில் குழாய்கள் பொருத்திய வாய் இசைக்கருவி, அதுவும் ஷங். இடப்பக்கம் ஷங், வலப்பக்கம் 'ஆண்': சகோதரியின் மகன். மேலே சூரியன், கீழே ஷங்: விண்மீன், ஒலி 'ஷிங்'. பழைய வடிவத்தில் மேலே மூன்று வட்டங்கள் இருந்தன, எழுதி எழுதி ஒன்றாகக் குறைந்துவிட்டது.

இடப்பக்கம் இதயம் வந்தால் இயல்பு, பிறவிக் குணம். இடப்பக்கம் பெண் வந்தால் குடும்பப் பெயர். இரண்டுக்கும் ஒலி விழும் தொனியில் 'ஷிங்'. குடும்பப் பெயருக்குள் பெண் இருப்பதைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். இன்று சீனாவில் பிள்ளைகள் பெரும்பாலும் தந்தையின் குடும்பப் பெயரைத்தான் பெறுகிறார்கள். ஆனால் மிகப் பழைய குடும்பப் பெயர்கள் பலவற்றில் 'பெண்' உறுப்பு இருக்கிறது. ஷாங் வம்சத்துக்குப் பின் ஆண்ட ஜோவ் அரசர்களின் 'ஜி'யிலும், சீனாவின் முதல் பேரரசரின் 'யிங்'கிலும் அது இருக்கிறது.

ஏழாம் படி: ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

நோட்டில் இந்த எழுத்துக்கு ஒரு முழுப்பக்கம். நடுவில் எழுத்து, சுற்றிலும் நீங்கள் நேரில் கண்ட சொற்கள் மட்டும். அகராதியிலிருந்து அள்ளி நிரப்பாதீர்கள். கடலை பாக்கெட்டில் பார்த்தால் கடலை, தொடரில் யாராவது கோபப்பட்டால் கோபம். ஒவ்வொன்றின் அருகிலும் எங்கே பார்த்தீர்கள் என்று இரண்டு சொல்லில் குறியுங்கள். ப்ளெகோ போன்ற அகராதிச் செயலியில் விரலால் எழுதித் தேட முடியும். கோட்டு வரிசை தவறினால் எழுத்து சில வேளைகளில் சிக்காது, அதுவே ஒரு சோதனை. கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது ஒற்றை எழுத்தைத் தேடாமல் முழுச்சொல்லாகவே அடியுங்கள். ஷங் என்று மட்டும் அடித்தால் 'ஒலி', 'உயர்தல்' என்று அதே ஒலியுள்ள பல எழுத்துகள் வந்து நிற்கும்.

வாரம் முடிந்ததும் அடுத்த எழுத்தாக எதிர்ச்சொல்லான ஷூவை எடுக்க ஆசை வரும். அதற்குப் பதினைந்து கோடுகள், அடியில் நெருப்பைக் குறிக்கும் நான்கு புள்ளிகள் வேறு. அதைச் சில மாதம் தள்ளி வையுங்கள். பிறந்தநாளின் இரண்டாவது எழுத்தும் விண்மீனின் மேல்பாதியும் ஒன்றுதான்: சூரியன், 'ழி'. நான்கே கோடுகள், ஒரு நிமிர்ந்த செவ்வகமும் அதன் நடுவில் ஒரு குறுக்குக்கோடும். இரண்டாவது வாரத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.